பலகைப் பெயரும் பாட்டாளி நாவும்

பிரிஞ்சாங் நகரைக் கடந்து வடக்கே ஏறும் சாலை, கடல் மட்டத்திற்கு 1,500 மீட்டருக்கும் உயரமான ஓரிடத்தில் நெரிசல்படுகின்றது. முட்டைக்கோசும் சோளமும் ஸ்ட்ராபெரிப் பழமும் தேனும் விற்கும் கடைகள் வரிசையாக நிற்க, விடுமுறை நாள்களில் வண்டிகள் ஊர்ந்தே செல்லும். அவ்விடத்தின் பெயர் கியா பார்ம். அதனருகே பிரியும் சிறு சாலை சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்திற்கும், அதற்கும் மேலே பிரிஞ்சாங் மலையுச்சிக்கும் செல்கின்றது. கொழுந்து கிள்ளியும் கவ்வாத்து வெட்டியும் அந்த மலைச்சரிவுகளைப் பச்சைக் கம்பளமாக்கிய தமிழர் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர்.

கியா பார்ம் என்னும் இவ்விரு சொற்களைத் தமிழ்ப்பள்ளி மாணவன் ஒருவன் தன் கட்டுரை ஏட்டில் எழுதப் புகும்பொழுது, மூவகை அறிஞர் அவன்முன் வந்து நிற்கின்றனர். "இது தமிழ்ச் சொல்லே; வெள்ளையன் திரித்துவிட்டான்" என்கிறார் முதலாமவர். "ஆங்கிலேயன் ஒலிப்பதுபோலவே எழுது, இல்லாவிடில் உலகம் சிரிக்கும்" என்கிறார் இரண்டாமவர். "எழுதவே வேண்டா, மொழிபெயர்த்துவிடு" என்கிறார் மூன்றாமவர். தம்முள் ஓயாது பூசலிடும் இம்மூவரும் ஒன்றில் மட்டும் உடன்பட்டிருக்கின்றனர். அம்மாணவனின் பாட்டி அந்த இடத்தை எப்பெயரால் அழைத்தாள் என்று மூவருள் ஒருவரும் கேட்பதில்லை.

முதலில் பலகையில் உள்ள பெயர்களின் வரலாற்றை உள்ளவாறே பார்த்துவிடுவது நல்லது. உண்மை தெரியாத இடத்தில்தான் கற்பனை குடியேறுகின்றது.

'பார்ம்' ஆங்கிலச் சொல். ஆயினும் ஆங்கிலத்தின் பிறவிச் சொல் அன்று. இலத்தீனத்தில் 'உறுதிசெய்' என்னும் பொருளுடைய வினையடியாகப் பிறந்து, இடைக்காலத்தில் 'பிர்மா' என நிலையான கட்டணத்தைக் குறித்து, பிரெஞ்சின் வாயிலாக ஆங்கிலத்துள் நுழைந்தது. முதலில் அது குத்தகைப் பணத்தைக் குறித்தது. பின்னர்க் குத்தகைக்கு விட்ட நிலத்தைக் குறித்தது. அதன் பின்னரே உழவு நடக்கும் எந்நிலத்தையும் குறிக்கலாயிற்று. ஆகவே 'கியா பார்ம்' என்பதன் பிற்பாதிக்கு நேரான தமிழ் 'குத்தகை' என்பதே. கேமரன் மலையின் காய்கறி விவசாயிகள் பலர் நெடுங்காலம் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கவேண்டிய தற்காலிக நில உரிமத்தை நம்பியே பயிரிட்டு வந்தவர்கள். அவர்கள் கடை விரித்திருக்கும் இடத்தின் பெயரிலேயே குத்தகைச் சீட்டு ஒளிந்திருப்பதைச் சொற்பிறப்பு அறிந்தவர் மட்டுமே காண்பர்.

இனி, மலையின் பெயர். 1885-ஆம் ஆண்டில் பேராக்கு–பகாங்கு எல்லைப்புறத்தில் நில அளவை செய்யப் புறப்பட்ட அரசாங்க அளவையாளர் வில்லியம் கேமரன், மலைகள் சூழ்ந்த ஓர் உயர்நிலத்தைக் கண்டதாக அறிவித்தார். அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். அவர் கண்டதாகச் சொன்ன சமவெளி எதுவென்று பின்வந்தவர்கள் பல்லாண்டுகள் தேடினர். 1925-இல் சர் சார்ச் மாக்சுவெல் நேரில் சென்று பார்த்த பின்னரே மலைவாழிடம் அமைக்கும் திட்டம் வலுப்பெற்றது. கேமரன் அங்கே வீடு கட்டினாரில்லை; ஒரு செடி நட்டாரில்லை; ஒரு பாதை வெட்டினாரில்லை. ஆயினும் மலை முழுவதும் அவர் பெயரால் நிற்கின்றது. அப்பயணத்தில் உடன் சென்றவராகக் குலோப் ரியாவு என்னும் மலாய் வீரரின் பெயரும் வழிவழியாகச் சொல்லப்படுகின்றது. அப்பெயரை நிலப்படத்தில் தேடினால் கண் வலிக்கும். மலைக்கு முன்பே அங்கு வாழ்ந்த செமாய் பழங்குடியினர் ஒவ்வோர் ஆற்றுக்கும் குன்றுக்கும் பெயர் வைத்திருந்தனர் என்பதை நினைத்துப் பார்த்தோர் அதனினும் சிலர்.

'கேமரன்' என்ற குடிப்பெயருக்கு வேர் காண்போர், அது ஸ்காத்துலாந்தின் கேலிக்கு மொழியில் 'வளைந்த மூக்கு' எனப் பொருள்படும் இரு சொற்களின் கூட்டு என்பர். எவரோ ஒரு முன்னோரின் மூக்கைப் பார்த்து ஊரார் வைத்த பட்டப்பெயர், குடிப்பெயராகி, கடல் கடந்து, பகாங்கின் மேகம் தவழும் மலைக்கு முடிசூடிவிட்டது. தமிழர் கல்யாணக் கூடத்தில் 'மூக்கன் மகன்' என்று எவரேனும் அழைத்துவிட்டால் கைகலப்பே நேரும். ஐரோப்பியன் அளவைக் கருவியோடு வந்து தன் மூக்கை நட்டுவிட்டுப் போனால், அது 'வரலாற்றுச் சிறப்புமிக்க பெயர்' ஆகின்றது.

நிலத்துக்குப் பெயரிடுவது விளையாட்டுச் செயல் அன்று. அது பத்திரம் எழுதுவதற்கு ஒப்பானது. இதனை உணர அமெரிக்க மாநிலங்களின் பெயர்வரிசையே போதும். திருமணம் புரியாத எலிசபெத்து அரசியின் கன்னிமையைப் போற்றி எழுந்த பெயர் வர்சீனியா. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் பெயரால், 1682-இல் லா சால் என்னும் பயணி மிசிசிப்பி ஆற்றங்கரை முழுவதையும் லூயிசியானா என்று அறிவித்தார். அங்கே வாழ்ந்த மக்கள் அச்செய்தியை அறிந்திருக்கவும் வழியில்லை. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசு, கடற்படைத் தலைவர் பென் என்பவருக்குப் பட்ட கடனை அவர் மகனுக்கு நிலமாகத் தீர்த்த கதைதான் 1681-இல் பிறந்த பென்சில்வேனியா. 'பென்னின் காடு' என்பது அதன் பொருள். பென் குடும்பப் பெயர்; 'சில்வா' காட்டைக் குறிக்கும் இலத்தீனச் சொல். ஸ்பானியருக்குப் புளோரிடா 'பூவார்ந்த நாடு'. பிரெஞ்சு வழிவந்த வெர்மாண்டு 'பச்சை மலை'. ஒல்லாந்தர் கையிலிருந்த நிலம் 1664-இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியதும் மன்னரின் தம்பியான யார்க்குக் கோமகனின் பெயர் அதன்மேல் ஏறிற்று. ஆள் மாறினால் பெயர் மாறும். அன்று தொட்டு இன்றுவரை இதுவே நடைமுறை.

இவற்றுள் மனத்தை உறுத்துவது இந்தியானா. 'இந்தியரின் நாடு' என்று பொருள்படுமாறு இலத்தீன ஈறு சேர்த்து ஆக்கிய பெயர் அது. கொலம்பசு இந்தியாவுக்கு வந்துவிட்டதாக எண்ணிக்கொண்டு அம்மண்ணின் மக்களை 'இந்தியர்' என்றார். அப்பிழையே மாநிலத்தின் பெயராயிற்று. அந்த 'இந்தியரின் நாட்டி'லிருந்து 1838-இல் பொட்டவாட்டமி மக்கள் ஆயுதக் காவலோடு மேற்கே துரத்தப்பட்டனர். வழிநெடுகக் குழந்தைகள் மாண்டனர். பெயரில் அவர்கள் இருக்கின்றனர், நிலத்தில் இல்லை.

கேமரன் மலையில் நிலைமை இதற்கு நேர்மாறு. அங்கே தமிழன் நிலத்தில் இருந்தான், பெயரில் இல்லை.

அம்மலையின் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப் பலகைகளை ஒரு முறை படித்துப் பார்த்தாலே இது விளங்கும். சுங்கை பாலாஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி: 'பாலாஸ்' விசிறியிலைப் பனை ஒன்றின் மலாய்ப் பெயர். புளூ வேலி தோட்டத் தமிழ்ப்பள்ளி: ஆங்கிலம். சும் யிப் லியோங் தோட்டத் தமிழ்ப்பள்ளி: சீனம். போ தோட்டத் தமிழ்ப்பள்ளி: சீனத்தின் வூயி மலைகளை ஐரோப்பிய வணிகர் 'போகீ' என்று வழங்கியதன் சுருக்கமாம். 1929-இல் ரசல் என்னும் ஆங்கிலேயர் தொடங்கிய தோட்டம் அது. தமிழில் 'போ' என்றால் என்ன பொருளென்று துரைமார் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. நாள் முழுதும் கூடை சுமந்து உழைத்தவனின் முகவரியே அவனை 'வெளியே போ' என்று ஏவிக்கொண்டிருந்தது. பிறகு பலர் போகவும் நேர்ந்தது.

மலையை விட்டுக் கீழே இறங்கினால் இக்கூத்து இன்னும் பெருகும். தலைநகரில் எடின்பர்க்குத் தோட்டத் தமிழ்ப்பள்ளி. கிள்ளானில் ஹைலண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி. சா ஆலாமில் மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி. தெலுக் இந்தானிலோ நோவா ஸ்கோசியா! அப்பெயரின் வழி நீண்டது. 1621-இல் மன்னர் சேம்சு தம் நண்பர் வில்லியம் அலெக்சாந்தருக்கு வட அமெரிக்கக் கடற்கரையில் நிலம் எழுதிக் கொடுத்தார். பட்டயம் இலத்தீனத்தில் இருந்தமையால் 'புதிய ஸ்காத்துலாந்து' என்பது 'நோவா ஸ்கோசியா' ஆயிற்று. இன்றும் அது கனடாவின் ஒரு மாநிலம். அதே பெயர் பேராக்கின் தோட்டம் ஒன்றுக்கும் வாய்த்து, அங்கிருந்து தமிழ்ப்பள்ளியின் நெற்றிக்கும் ஏறிவிட்டது. ஆத்திசூடி ஓதும் பிள்ளையின் சட்டைப் பையில் ஸ்காத்துலாந்து மன்னனின் நிலப்பட்டயம் குத்தியிருக்கின்றது. இதை வகுப்பில் ஒரு நாள் எடுத்துச் சொல்லும் ஆசிரியர் உண்டாயின், வரலாறும் புவியியலும் மொழிநூலும் ஒருங்கே அப்பிள்ளைகளுக்குக் கிட்டிவிடும்.

வேர்ச்சொல் விளையாட்டுக்காரரோ அதைச் சொல்ல விடமாட்டார். அவருக்கு எல்லாம் தமிழ், தமிழல்லாததும் தமிழ். பாவாணர் பன்மொழி கற்று, அகராதிகளோடு வாழ்ந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒலித்திரிபும் பொருள்திரிபும் காட்ட முயன்றவர். அவர் முடிவுகளை ஏற்போரும் மறுப்போரும் அவர் உழைப்பை மறுக்க மாட்டார்கள். அந்த உழைப்பில் நூற்றில் ஒரு பங்கும் இல்லாமல், காதுக்கு ஒத்து ஒலித்தால் போதும் என்று துணிபவரே இங்குப் பேசப்படுகின்றார். 'காமர்' என்றால் பழந்தமிழில் அழகு; ஆகவே 'காமர் மலை'யே கேமரன் மலை என்று அவர் நாளைக்கே எழுதக்கூடும். எழுதினால் கைதட்டவும் ஆள் உண்டு. அளவையாளர் கேமரனோ, 1885-ஆம் ஆண்டோ, மூக்கோ அவருக்குத் தடையாகா.

'கியா'வையும் அவர் விட்டுவைப்பாரா? ஒலி ஒப்புமை ஒன்றே போதுமெனின், நியூசிலாந்தின் மலைக்கிளி ஒன்றுக்கு மாவோரி மக்கள் வழங்கும் பெயர் 'கியா'. கிரேக்கத் தீவு ஒன்றின் பெயரும் அதுவே. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் அப்பெயரால் ஒரு புனிதரும் ஒரு திருச்சபை ஊரும் உண்டு. கிளியும் தீவும் புனிதரும் ஒரே சொல்லுக்கு உரிமை கோரி வரிசையில் நிற்கையில், 'கீழையூர்' என்பதே 'கியா' ஆயிற்று என்று நான்காவதாக ஒரு தமிழ் மூலத்தையும் நிறுத்தி வைப்பதில் என்ன அறிவு இருக்கின்றது? யார், எப்பொழுது, எக்காரணத்தால் இட்டனர் என்பதற்கு ஆவணம் இருந்தாலன்றி, ஒலி ஒப்புமை சான்றாகாது. இதனைத் தமிழ் மாணவனுக்குக் கற்பிக்காமல், எல்லாச் சொல்லிலும் தமிழைக் காணும் கண்ணாடியை மாட்டிவிடுவது அவனுக்குச் செய்யும் தீங்கு. அவன் ஒரு நாள் பல்கலைக்கழகத்துக்குச் செல்வான். அங்கே பிறர் முன்னிலையில் அக்கண்ணாடி உடையும். உடையும்பொழுது, தமிழைப்பற்றி அவன் கற்ற மெய்யான பெருமைகளின்மேலும் ஐயம் விழும்.

பத்துமலையின் கதை இதற்குச் சிறந்த பாடம். 'பத்து' என்பது கல்லைக் குறிக்கும் மலாய்ச் சொல்லான 'பாத்து'. அப்பக்கம் ஓடும் ஆறு சுங்கை பாத்து. தம்புசாமிப் பிள்ளை குகையில் முருகனை நிறுவிய பின்னர் தமிழ் நா அச்சொல்லைப் 'பத்து' என்று வாங்கிக்கொண்டது, 'மலை'யைச் சேர்த்தது, பத்துமலை பிறந்தது. இது பெயராக்கம், உயிருள்ள மொழி செய்யும் வேலை. பின்னர் வேறொரு விளக்கம் முளைத்தது. தமிழகத்தில் ஆறுபடை வீடு. மலேசியாவில் கல்லுமலை, தண்ணீர்மலை, சன்னாசிமலையோடு சேர்த்து நான்கு. ஆக இது பத்தாம் மலை என்றனர். பக்தியின் கணக்கில் அது இனிமையாக இருக்கட்டும். கோயிலில் யாரும் அதை மறுக்க வேண்டியதில்லை. வகுப்பறையில் அதனைச் சொற்பிறப்பாக எழுதிப் போடுவதுதான் குற்றம். அதே மூச்சில் சொல்லப்படும் கல்லுமலை, தண்ணீர்மலை என்னும் பெயர்களைப் பார்க்க வேண்டும். ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றைக் கண்டவன் கல்லுமலை என்றான். பினாங்கின் அருவிக் குன்றைக் கண்டவன் தண்ணீர்மலை என்றான். எந்த மன்னனும் பட்டயம் எழுதவில்லை. எந்த அளவையாளனும் குறிக்கவில்லை. கண்ணால் கண்டு நாவால் இட்ட பெயர்கள் அவை; நூற்றாண்டு கடந்தும் நிற்கின்றன.

இரண்டாமவர், அதாவது ஆங்கில ஒலிப்புக் காவலர், 'பார்ம்' என்று எழுதினாலே முகம் சுளிக்கின்றார். 'ஃபார்ம்' என்று ஆய்தம் இட்டு எழுதினால்தான் நாகரிகமாம். கிரந்த எழுத்துகள் அனைத்தும் வேண்டுமாம். இவர் மறந்துவிட்ட ஒன்றைத் தொல்காப்பியர் ஈராயிரம் ஆண்டுக்கு முன்னரே எச்சவியலில் வகுத்துவிட்டார். வடசொல் தமிழில் வருங்கால் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு வரவேண்டும் என்பது அவர் நெறி. அந்நெறியில் நின்றே கம்பர் இலக்குமணனை இலக்குவன் ஆக்கினார். விபீடணன் வீடணன் ஆனான். எவரும் சிரிக்கவில்லை. வடமொழிக்கு வகுத்த அந்நெறி ஐரோப்பிய மொழிகளுக்கு மட்டும் ஏன் செல்லாது? வடமொழியிடம் தலை நிமிர்ந்து நின்ற தமிழ், ஆங்கிலத்திடம் மட்டும் முதுகு வளைக்க வேண்டுமென்று எந்த இலக்கணம் சொல்கின்றது?

எழுத்தறியாத பாட்டாளியோ இந்நெறியை எவரும் கற்பிக்காமலே கடைப்பிடித்தான். ஐரோப்பியரைக் குறித்த 'பிராங்கு' என்னும் சொல் அரபு, பாரசீக வழியாக வந்து அவன் நாவில் 'பறங்கி' ஆயிற்று. போர்த்துக்கீசியர் 'புதுத் துறைமுகம்' என்னும் பொருளில் போர்ட்டோ நோவோ என்று பெயரிட்ட ஊரை அவன் பரங்கிப்பேட்டை என்றான். நிலப்படத்தில் எழுதப்பட்ட ஐரோப்பியப் பெயர் பழங்கதையாகிவிட்டது. அவன் பெயரே ஊரின் பெயராக இன்று நிற்கின்றது. புனித தோமையார் குன்று அவனுக்குப் பரங்கிமலை. ஜன்னல், அலமாரி, மேசை, சாவி, ஏலம், மேஸ்திரி என்று போர்த்துக்கீசியச் சொற்களை வீட்டுக்குள் கொண்டுவந்து தமிழ்ப் பொருள்களாக்கிவிட்டான். தோட்டத்துக்கு வந்ததும் ஆங்கிலேயனின் 'லைன்' அவனிடம் 'லயம்' ஆயிற்று. மகர ஈறு பெற்று, 'லயத்தில்', 'லயத்துக்கு' என்று அத்துச்சாரியையும் ஏற்றுத் தமிழ்ச் சொல்லாகவே நடமாடுகின்றது. குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட 'ஆயா'வும் போர்த்துக்கீசியம் தந்தவளே. அவன் நாளெல்லாம் கிள்ளிய தேயிலையின் 'தே'யோ சீனத்தின் தென்கீழ்க் கரையில் பிறந்தது. ஐரோப்பியரின் 'டீ'யும் அங்கிருந்து சென்றதே. அவன் அதனோடு 'இலை'யைச் சேர்த்து முடித்துவிட்டான். படித்தவர் குழு ஒன்று கலைச்சொல்லாக்கக் கூட்டம் கூட்டிப் பத்து நாள் விவாதித்தாலும் 'தேயிலை'யைவிடச் சிறந்த ஒரு சொல்லை ஆக்கித் தர இயலுமா என்பது ஐயமே.

மூன்றாமவரான மொழிபெயர்ப்பாளருக்கு நீண்ட மறுமொழி வேண்டா. 'கேமரன் ஹைலண்ட்ஸ்' என்பதை 'வளைமூக்கு மேட்டுநிலம்' என்று பெயர்த்தால் எந்தப் பேருந்தும் அங்குப் போகாது. தமிழர் 'கேமரன் மலை' என்று எப்பொழுதோ முடிவு செய்துவிட்டனர்; ஆள்பெயரை விட்டுவைத்து, பொதுப்பெயரைத் தமிழாக்கிக்கொண்ட அச்சிறு முடிவில் நல்ல மொழியறிவு இருக்கின்றது.

ஆக, பலகைப் பெயர் ஐரோப்பியம் என்றால் ஐரோப்பியம் என்றே சொல்லிக்கொடுக்க வேண்டும். எழுதுவதைத் தமிழ் நாவுக்கு ஏற்ப எழுத வேண்டும். இதோடு வழக்கு முடிந்துவிட்டதெனின் இத்தனை பேச்சுக்குத் தேவையில்லை. உண்மையான இழப்பு வேறிடத்தில் நடந்துகொண்டிருக்கின்றது.

பலகையின் பெயர் தோட்டத்தின் ஒரு பெயர் மட்டுமே. தோட்டத்துத் தமிழர் தமக்குள் வழங்கியது வேறு. தோட்டங்களைக் கங்காணியின் பெயரால் அழைத்தனர்; முகப்பில் நின்ற மரத்தால் அழைத்தனர்; முனியாண்டி, மாரியம்மன் கோயில்களால் அடையாளம் சொன்னர்; சாலையோர ஊர்களை மைல்கல் எண்ணிக்கையால் 'இத்தனையாம் கட்டை' என்றனர். தோட்டத்துக்கு உள்ளேயோ மேட்டு லயம், பள்ளத்து லயம், ஆற்றோரக் காடு, எண் சொல்லி அழைக்கும் காடு என்று ஒவ்வொரு சரிவுக்கும் ஒரு பெயர். பாம்பு கடித்து ஒருவன் இறந்த இடம், மண் சரிந்த இடம், துரையின் குதிரை விழுந்த இடம் என ஒவ்வொன்றும் ஒரு நிகழ்ச்சியைப் பெயராக்கி வைத்திருந்தது. இவை எந்த நிலப்படத்திலும் இல்லை. இவையே அத்தோட்டத்துத் தமிழரின் எழுதப்படாத வரலாறு.

வெட்கத்துக்குரிய ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். இலங்கையின் மலையகத்திலும் இதே நிலைதான். ஸ்காத்துலாந்துப் பெயர்களே தோட்டங்களின்மேல் குவிந்து கிடந்தன. ஆனால் அங்குத் துரைமாருக்கென அச்சான கையேடுகளில், தோட்டத்தின் ஆங்கிலப் பெயரோடு தொழிலாளர் வழங்கிய தமிழ்ப் பெயரும் பதிவாயிற்று. தமிழின்மேல் காதல் கொண்டு வெள்ளையர் அதனைச் செய்யவில்லை. ஆங்கிலப் பெயரைச் சொன்னால் ஆள் வந்து சேரமாட்டான். தமிழ்ப் பெயரைச் சொன்னால்தான் வருவான். தன்னலத்துக்காக வெள்ளையன் எழுதிவைத்ததைத் தமிழ்நலத்துக்காகத் தமிழறிஞர் எழுதிவைத்தனரா? ரா. பி. சேதுப்பிள்ளை 1946-இல் 'ஊரும் பேரும்' எழுதித் தமிழகத்து ஊர்ப்பெயர்களின்வழி நிலத்தையும் குடியையும் கோயிலையும் படிக்கக் கற்றுக்கொடுத்தார். அந்நூலை மேடைதோறும் புகழ்ந்தோர் பலர். அதே முறையைத் தங்கள் தந்தை உழைத்த தோட்டத்தின்மேல் வைத்துப் பார்க்கவேண்டும் என்று அவர்களுள் எத்தனை பேருக்குத் தோன்றிற்று? சோழர் காலத்துக் கடாரத்துக்குக் கருத்தரங்கு நடத்துவது எளிது. அங்கே செங்கோல் இருக்கின்றது. சாணமும் தேயிலைத் தூசும் படிந்த லயத்துக்குக் கருத்தரங்கு நடத்த எவருக்கும் கை வருவதில்லை.

அரசு பெயர்ப் பலகைகளை மாற்றும் என்று காத்திருப்பதும் வீண். பலகைகள் மாறியே வந்திருக்கின்றன. சபாவின் ஜெசல்டன் 1967-இல் கோத்தா கினாபாலு ஆயிற்று. போர்ட் சுவெட்டன்ஹாம் 1972-இல் கிள்ளான் துறைமுகம் ஆயிற்று. தைப்பிங்கின் மாக்சுவெல் மலை 1979-இல் புக்கிட் லாருட் ஆயிற்று. தெலுக் ஆன்சன் 1982-இல் தெலுக் இந்தான் ஆயிற்று. பட்டர்வொர்த்தும் போர்ட் டிக்சனும் கேமரன் மலையும் மாறவில்லை. மாற்றுவதும் விடுவதும் ஆட்சியின் வேலை. அதற்கு அதன் காரணங்கள் உண்டு. மாறிய பலகையிலும் மாறாத பலகையிலும் லயத்துப் பெயர் ஏறவில்லை, ஏறப்போவதும் இல்லை. பலகைக்காகப் போராடுவோர் போராடட்டும். பலகையில் ஏறாத பெயர் காகிதத்திலாவது ஏறவேண்டும். அதற்கு அமைச்சரின் ஒப்பம் தேவையில்லை.

இன்று அப்பெயர்களைச் சொல்லும் வாய்கள் குறைந்துகொண்டே வருகின்றன. பிள்ளைகள் படித்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சென்றுவிட்டனர். சென்றதில் பிழையில்லை, பெற்றோர் கூடை சுமந்ததே அதற்காகத்தான். தேயிலைச் சரிவுகளில் இப்பொழுது பெரும்பாலும் வங்காள தேசத்தவரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் வேலை செய்கின்றனர். கொழுந்தை விரல் கிள்ளிய இடங்களில் கத்தரிக்கருவியும் இயந்திரமும் வெட்டுகின்றன. புதிதாக வந்தவர்கள் அதே சரிவுகளுக்குத் தங்கள் மொழியில் பெயர் வைப்பார்கள், வைக்கவேண்டியதும் முறையே. தமிழ்ப் பெயர் அந்த மண்ணின் முதற்பெயரும் அன்று, கடைசிப் பெயரும் அன்று. செமாய் மக்களின் பெயர் அதற்கு மூத்தது. நிலத்துக்கு உரிமை கொண்டாடுவதற்காக இப்பதிவு வேண்டப்படவில்லை. உழைத்தவர்கள் அந்த மண்ணை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு வேறு சான்று இல்லை என்பதற்காகவே வேண்டப்படுகின்றது.

'தோட்டத்து மக்கள் கொச்சையாகச் சொன்னவற்றை ஏட்டில் ஏற்றினால் இலக்கியத் தமிழ் என்னாவது?' என்று கேட்கும் புலவரும் இருக்கின்றார். 'பரங்கிப்பேட்டை' ஒரு நாள் கொச்சையாக இருந்ததுதான். 'தண்ணிமலை' என்று பேசுபவனைத் திருத்தித் 'தண்ணீர்மலை' என்று எழுதிக்கொள்வதற்குப் புலவரின் புலமை பயன்படட்டும். பேசியதே இல்லை என்று தள்ளிவிடுவதற்குப் பயன்பட வேண்டா.

செய்யவேண்டிய வேலையோ மிகச் சிறியது. பல்கலைக்கழகம் வேண்டா, நிதியும் வேண்டா. கேமரன் மலைத் தமிழ்ப்பள்ளிகளின் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு விடுமுறைப் பணியாக 'என் ஊர்' என்று கட்டுரை எழுதச் சொல்வது வழக்கம். அவர்களும் ஆண்டுதோறும் 'எங்கள் ஊர் குளிர்ச்சியான ஊர், அங்குத் தேயிலையும் ஸ்ட்ராபெரியும் விளைகின்றன' என்று சுற்றுலாத் துறையின் துண்டறிக்கையையே திருப்பி எழுதிக் கொடுக்கின்றனர். ஆசிரியரும் 'நன்று' என்று சிவப்பு மையில் எழுதி மூடிவிடுகின்றார். அந்த ஏட்டின் ஒரு பக்கத்தை நான்கு பத்தியாகக் கோடிடச் சொல்லலாம். முதற்பத்தியில் பலகையில் உள்ள பெயர், அதன் மொழி. தெரிந்தவரை அதன் பொருள். இரண்டாவதில் வீட்டில் தாத்தாவும் பாட்டியும் வழங்கிய பெயர், அவர்கள் ஒலித்தபடியே. மூன்றாவதில் அப்பெயர் ஏன் வந்தது என்று அவர்கள் சொன்ன காரணம். ஒருவர் ஒன்று சொல்லி மற்றவர் வேறொன்று சொன்னால் இரண்டும். நான்காவதில் சொன்னவரின் அகவையும் அவர் எத்தனை ஆண்டு எந்த லயத்தில் இருந்தார் என்பதும். மாணவன் தன் சொந்தக் கற்பனையில் ஒரு பொருளும் எழுதக்கூடாது. 'கியா பார்ம்' என்பதற்கு எதிரே இரண்டாம் பத்தி வெறுமையாக இருந்தால் வெறுமையாகவே விடவேண்டும். அடுத்த வீட்டுக் கிழவியிடம் கேட்டு வந்து நிரப்பிக்கொள்ளலாம்.